செஞ்சி ராஜகிரியை நீர்வண்ணத்தில் தீட்ட: களமா, ஒளிப்படமா, குறிப்பேடா?

செஞ்சிக் கோட்டையை, அதிலும் குறிப்பாக ராஜகிரி மலையை, நீர்வண்ணத்தில் தீட்ட விரும்பும் வாசகர்களிடமிருந்து ஒரே கேள்வி பல வடிவங்களில் வந்துகொண்டிருக்கிறது. மலையின் எதிரே உட்கார்ந்து அங்கேயே முடித்துவிட வேண்டுமா, ஒளிப்படம் எடுத்து வந்து வீட்டில் நிதானமாகத் தீட்டலாமா, அல்லது குறிப்பேட்டில் கோடுகளையும் வண்ணத்தையும் குறித்துக்கொண்டு வந்து பிறகு பெரிய தாளுக்குப் போகலாமா என்பதே அந்தக் கேள்வி. 2025 ஜூலையில் மராட்டியர் காலப் படைக்கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாக, மகாராஷ்டிரத்துக்கு வெளியே உள்ள ஒரே கோட்டையாக, செஞ்சி யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற பிறகு அங்கே தூரிகையோடு போக நினைப்பவர்களும் கூடியிருக்கிறார்கள். பொதுவாக நிலக்காட்சி வரைவதற்குச் சொல்லப்படும் அறிவுரைகள் இந்த மலைக்கு அப்படியே பொருந்துவதில்லை என்பதால், இதை மட்டும் எடுத்துக்கொண்டு சற்று விரிவாகப் பார்க்கிறேன்.

## இந்த மலையில் என்ன சிக்கல்

வடக்கே கிருஷ்ணகிரி, மேற்கே ராஜகிரி, தென்கிழக்கே சந்திரகிரி என மூன்று குன்றுகளையும் சுமார் 13 கிலோமீட்டர் நீளமுள்ள மதில் சுற்றிவளைத்துக் கட்டுகிறது. அவற்றுள் உயரமானது ராஜகிரி. ஏறத்தாழ 800 அடி. தூரத்திலிருந்து பார்க்கும்போது அது ஒரே மலையாகத் தெரிந்தாலும், நெருங்க நெருங்க அது உருண்டைப் பாறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய குவியலாகவும், உச்சியில் செங்குத்தாக எழும் ஒற்றைக் கற்பாறையாகவும் பிரிந்துவிடுகிறது. பாறைக்கும் பாறைக்கும் நடுவே இருக்கும் இடுக்குகளின் நிழல்தான் அந்த மலைக்கு உருவம் தருகிறது. அந்த நிழல்களைப் பிழையாகத் தீட்டினால், எவ்வளவு கவனமாகக் கோடு போட்டிருந்தாலும், மலை உருளைக்கிழங்கு மூட்டையைக் கொட்டியதுபோல் ஆகிவிடும்.

இரண்டாவது சிக்கல் வறட்சி. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து சில மாதங்களில் புல் வைக்கோல் நிறமாகிவிடுகிறது. முட்புதர்களின் பச்சை சாம்பல் கலந்த பச்சையாக மங்குகிறது. கொடைக்கானலிலோ நீலகிரியிலோ தொலைவு நீலமாகக் கரைவதைப்போல இங்கே கரைவதில்லை. கோடையில் தூசி கலந்த காற்று தொலைவை வெளிறிய பழுப்பாக்குகிறது. அதனால் தொலைவுக்கு நீலம் பூசிப் பழகிய கை இங்கே தடுமாறும்.

மூன்றாவது, மலைமேலும் அடிவாரத்திலும் இருக்கும் கட்டடங்கள். 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கோனார் மரபினர் காலத்தில் தொடங்கியதாகச் சொல்லப்படும் இந்தக் கோட்டை, விஜயநகரத்தார், நாயக்கர், 1649-இல் பிஜப்பூர் சுல்தான், 1677-இல் சிவாஜி, நீண்ட முற்றுகைக்குப் பின் 1698-இல் முகலாயர், 1750-இல் பிரெஞ்சுக்காரர், 1761-இல் ஆங்கிலேயர் எனக் கைமாறியது. இத்தனை கைகள் பட்டதன் அடையாளம் கட்டடங்களில் தெரிகிறது. அடுக்கடுக்காகக் குறுகிக் கூம்புக் கூரையில் முடியும் கல்யாண மகால், வளைவுக்கூரை கொண்ட களஞ்சியங்கள், 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த சாதத்துல்லாகான் பள்ளிவாசல், உச்சியில் அரங்கநாதர் கோயில் ஆகிய ஒவ்வொன்றின் விளிம்பும் ஒளியை ஒவ்வொரு விதமாக வாங்குகிறது.

## எவற்றை வைத்து எடைபோடுவது

நான் ஐந்து அளவுகோல்களை வைத்துக்கொள்கிறேன். அவை அனைத்தும் சம எடை உடையவை அல்ல.

முதலாவது, மலையின் அளவும் கனமும் ஓவியத்தில் வருகின்றனவா என்பது. இரண்டாவது, நிழலின் நிறம். என் கணக்கில் மற்ற எல்லாவற்றையும்விட இதற்கே எடை அதிகம். மூன்றாவது, ஈரத்தின் மீதான கட்டுப்பாடு, அதாவது தண்ணீரில் கரைத்த வண்ணத்தை அகலமாகப் பூசும் வாஷை, அதுவும் பெரிய வாஷை, விளிம்புக் கோடு விழாமல் கொண்டுசெலுத்த முடிகிறதா என்பது. நான்காவது, கட்டடங்களின் துல்லியம். ஐந்தாவது, செலவு, நேரம், உடல் உழைப்பு மூன்றும் சேர்ந்தது. வாங்கும் பொருளின் விலையைவிட வீணாகும் தாளும் திரும்பத் திரும்பப் போகும் பயணமும் இங்கே அதிகம் செலவு வைக்கும் என்பதையும் இதில் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

## முதல் வழி: களத்திலேயே தொடங்கி அங்கேயே முடிப்பது

அளவும் கனமும் இந்த வழியில்தான் மிக இயல்பாக வருகின்றன. கீழ்க்கோட்டைக்குள் கல்யாண மகாலுக்குக் கிழக்கே நிழல் பார்த்து உட்கார்ந்து மேற்கே நோக்கினால், மகால் நடுவிலும் ராஜகிரி அதன் பின்னே முழு உயரத்தோடும் நிற்கும். தலையை நிமிர்த்தித்தான் உச்சியைப் பார்க்க வேண்டியிருக்கும். அந்த நிமிர்வு கைக்குத் தானாகவே இறங்கி, மலையைத் தாளின் மேல் விளிம்பு வரை கொண்டுபோகும். வீட்டில் உட்கார்ந்து யோசித்து இந்த விகிதத்தைப் பெறுவது கடினம்.

நிழலின் நிறத்திலும் இந்த வழிக்கு ஈடு இல்லை. பாறை இடுக்கைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தால், வானத்தை நோக்கிய நிழல்பகுதி நீலம் சார்ந்தும், எதிர்ப்பாறையிலிருந்தோ தரையிலிருந்தோ வெயில் தெறித்து விழும் பகுதி சூடான செம்பழுப்பாகவும் இருப்பது புலப்படும். ஒரே நிழலுக்குள் ஒரு குளிர்ந்த நிறம், ஒரு சூடான நிறம். அல்ட்ராமரைன் நீலத்தையும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பையும் வண்ணத் தட்டான பேலட்டில் முழுக்கக் கலந்து ஒரே சாம்பலாக்கிப் பூசுவதைவிட, தாளின்மேல் அருகருகே விட்டு ஈரத்தில் கலக்க விடுவதே இதற்குச் சரியான வழி. அல்ட்ராமரைனின் துகள்கள் தாளின் பள்ளங்களில் படிந்து தரும் சொரசொரப்பு, பாறையின் மேற்பரப்புக்குத் தனியே எதுவும் செய்ய வேண்டிய தேவையில்லாமல் செய்துவிடுகிறது. மழைநீர் வழிந்து வழிந்து கறுத்த கோடுகளும் இப்படித்தான்: பாறையின் முதல் வாஷ் காயும் முன் மேலிருந்து கீழே ஒரே இழுப்பில் விட வேண்டும்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. காயும் முன் என்பதற்குச் செஞ்சியின் வெயில் அவகாசம் தருவதில்லை. ஏப்ரல், மே மாதங்களில் முற்பகலிலேயே கால் தாள் (முழு ஓவியத் தாளில் நான்கில் ஒரு பங்கு) அளவுள்ள வானத்தை மேலிருந்து இழுத்துக்கொண்டு அடிவானத்துக்கு வருவதற்குள் மேற்பகுதி காய்ந்துவிடும். திரும்பிப் போய்த் தொட்டால் பூக்கோசு மாதிரிக் கறை விழும். பேலட்டில் பிழிந்த டியூப் வண்ணம் ஒட்டிப்போகும். இதற்குச் சில மாற்று வழிகள் உள்ளன. நூறு சதவீதப் பருத்தித் தாளை இருபுறமும் நன்றாக நனைத்து, வழவழப்பான அக்ரிலிக் பலகையின்மேல் ஒட்ட வைத்தால், அடியிலிருக்கும் ஈரம் மேற்பரப்பைக் கணிசமான நேரம் காயாமல் வைத்திருக்கும். கலக்கும் தண்ணீரில் சில துளி கிளிசரின் விடலாம். அளவு மிஞ்சினால் தாள் பிசுபிசுத்து நிற்கும் என்பதால் துளிக்கணக்கில்தான். மெல்லிய துளி தெளிக்கும் ஸ்ப்ரே பாட்டில் பேலட்டுக்கு மட்டும் பயன்படட்டும். தாளின்மேல் தெளித்தால் புள்ளி விழும்.

வெளியே தெரியாத செலவுகளில் முதலாவது கண்ணின் ஏமாற்றம். நேர் வெயில் வெள்ளைத் தாளில் விழும்போது பூசிய வண்ணம் உள்ளபடி இருப்பதைவிட வெளிச்சமாகத் தெரியும். அதை ஈடுகட்ட மேலும் மேலும் அடர்த்தியாகப் பூசி, வீட்டுக்குள் கொண்டுவந்து பார்க்கும்போது ஓவியம் இருண்டு கிடக்கும். எனவே உங்கள் தலையைவிடத் தாள் நிழலில் இருப்பது முக்கியம். வெள்ளைக் குடையோ சாம்பல் நிறக் குடையோ பரவாயில்லை. சிவப்பு, நீலக் குடை தாளுக்குத் தன் நிறத்தைப் பூசிவிடும். இரண்டாவது, ஒளி நகர்வது. கிழக்கிலிருந்து பார்க்கும் இந்தக் காட்சியில் காலை வெயில் மலையின் முகத்தில் விழும். நண்பகலை நெருங்க நெருங்க இடுக்குகளின் நிழல் சுருங்கி மலை தட்டையாகும். மாலையில் சூரியன் மலைக்குப் பின்னே போய்விடுவதால் முழுவதும் நிழலுருவமாகிவிடும். பயனுள்ள ஒளி கோட்டைக்குள் நுழைந்த பின் இரண்டு மணி நேரம் கிடைத்தால் அதிகம். மூன்றாவது, குரங்குகள். திறந்த பையில் சாப்பாட்டு வாசனை வந்தால் வண்ணப் பெட்டியும் சேர்ந்து போகும். நான்காவது, இது தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள இடம் என்பது. ஒளிப்படக் கருவிக்கு முக்காலி நிறுத்தவே முன் அனுமதி கேட்கும் இடங்களில், ஓவியத் தாங்கி நிறுத்துவதற்கும் வாயிலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. மடியில் வைத்து வரையும் சிறு பலகைதான் தொந்தரவில்லாதது.

செஞ்சிக்கோ திருவண்ணாமலைக்கோ திண்டிவனத்துக்கோ பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கும், டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான காலைப்பொழுதுகளில் போகக்கூடியவர்களுக்கும், கால் தாளுக்கு மேல் போக ஆசைப்படாதவர்களுக்கும் இந்த வழி மிகவும் ஏற்றது. வாரா வாரம் போக முடிந்தால், ஐந்து ஓவியங்களில் ஒன்று தேறினாலும் அந்த ஒன்றில் இருக்கும் உயிர்ப்பை வேறு வழியில் பெற முடியாது.

## இரண்டாவது வழி: ஒளிப்படத்தை வைத்து வீட்டில் தீட்டுவது

பெரும்பாலோர் எடுக்கும் வழி இது; எடுப்பதில் தவறும் இல்லை. நேரம் குறைந்தவர்களுக்கும், மலையேற முடியாத வயதினருக்கும், கடல் கடந்து வாழ்ந்து எப்போதோ ஒருமுறை வருபவர்களுக்கும் வேறு வழி இல்லாமல் போகலாம். ஈரத்தின் மீது கட்டுப்பாடு முழுமையாக உங்கள் கையில் இருக்கிறது. மின்விசிறியை நிறுத்தி, சன்னலைப் பாதி மூடி, அரைத் தாள், முழுத் தாள் அளவுகளுக்குத் துணிந்து போகலாம். கல்யாண மகாலின் அடுக்குகளை எண்ணிப் பார்த்துக் கோடிடலாம். கட்டடத் துல்லியத்தில் இந்த வழியே முன்னிற்கிறது.

ஆனால் கைபேசி இந்த மலைக்கு இரண்டு தீங்குகளைச் செய்கிறது. கைபேசியின் வழக்கமான லென்ஸ் அகலக்கோணம் உடையது. அருகிலுள்ள புல்லையும் பாதையையும் பெரிதாக்கி, பின்னே நிற்கும் ராஜகிரியைச் சுருக்கிவிடும். கண்முன்னே வானை மறைத்து நின்ற மலை படத்தில் அடிவானத்து மேடாகத் தெரிவதன் காரணம் இதுதான். அந்தப் படத்தை அப்படியே தாளில் இறக்குபவர்களின் ஓவியத்தில் முன்தரை பாதியை விழுங்கிவிடுகிறது. இதைத் தவிர்க்கச் சற்றுப் பின்வாங்கி நின்று, இரண்டு மடங்கு அல்லது மூன்று மடங்கு பெரிதாக்கி எடுக்க வேண்டும்.

இன்னொன்று நிழல். கைபேசி தானாகவே இருட்டை வெளிச்சமாக்கியும் வெளிச்சத்தை அடக்கியும் படத்தைச் சமன் செய்கிறது; அல்லது வானத்தைக் காப்பாற்ற நிழலைக் கரியாக்கிவிடுகிறது. இரண்டிலும் மேலே சொன்ன நீலமும் செம்பழுப்பும் ஒரே நிழலுக்குள் வாழும் நிலை காணாமல் போகிறது. மாலை ஒளியின் காவி நிறத்தை நிறச்சமன்பாடு என்ற பெயரில் சாதாரண வெள்ளையொளியாக மாற்றிவிடுவதும் உண்டு. படத்தில் கரியாக இருப்பதைப் பார்த்துக் கரியாகப் பூசிய ராஜகிரி ஓவியங்களை நிறையப் பார்த்துவிட்டேன்; பாறைக்குள் துளை போட்டதுபோல் இருக்கும். மலை அங்கே தன் கனத்தை இழந்துவிடுகிறது என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் விஷயம்.

இந்த வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஒரே காட்சியை மூன்று முறை எடுத்துக்கொள்ளட்டும்: வெயில்படும் பாறையைத் தொட்டு ஒளியளவைச் சரிசெய்து ஒன்று, நிழலைத் தொட்டு ஒன்று, வானத்தைத் தொட்டு ஒன்று. ஒரு படத்தில் வெள்ளைத் தாள் ஒன்றைக் கையில் பிடித்து ஓரத்தில் விழும்படி எடுத்தால், ஒளியின் நிறம் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பதைப் பிறகு ஊகிக்கலாம். இணையத்தில் கிடைக்கும் பிறர் படத்தை வைத்து வரைவது வேறு கதை. அந்தப் படத்தின் உரிமை எடுத்தவருக்கு உரியது, கண்காட்சியில் வைக்கவோ விற்கவோ நினைத்தால் அவருடைய அனுமதி தேவை.

## மூன்றாவது வழி: களத்தில் குறிப்பு, வீட்டில் ஓவியம்

இந்த வழிக்கு நீண்ட மரபு உண்டு. 1873 முதல் 1875 வரை இந்தியாவிலும் இலங்கையிலும் பயணம் செய்த ஆங்கில ஓவியர் எட்வர்ட் லியர், களத்தில் விரைவாகப் பென்சில் கோடு போட்டு, அந்தக் கோடுகளின் மேலேயே நிறங்களின் பெயரையும் நாளையும் நேரத்தையும் எழுதி வைத்து, பின்னர் தங்குமிடத்தில் மையும் வண்ணமும் ஏற்றுவார். அதற்கும் முன் 1792-93இல் தமிழ்நாட்டுப் பகுதிகளில் பயணம் செய்த ஆங்கில ஓவியர்கள் தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும், காட்சியின் பிம்பத்தைத் தாளில் விழச்செய்யும் இருட்டறைக் கருவியின் துணையோடு கோடுகளை எடுத்துக்கொண்டு, இங்கிலாந்து திரும்பிய பின்பே அவற்றை அக்வாடின்ட் எனும் உலோகத் தகட்டு அச்சுகளாக்கினர். தென்னாட்டு மலைகளையும் கோயில்களையும் இவர்கள் தீட்டியபோது வெயிலையும் காயும் தாளையும் எப்படிக் கையாண்டார்கள் என்பதற்கு இந்த முறையே விடை.

செய்முறையைச் சொல்கிறேன். அஞ்சலட்டை அளவுக்குச் சற்றுப் பெரிய குறிப்பேட்டில் முதலில் வெளிச்சம், நடுத்தரம், இருட்டு என மூன்றே அடர்த்திகளில் மென்மையான 4பி பென்சிலால் காட்சியைப் பிரிக்க வேண்டும். பாறைகளை எண்ண வேண்டியதில்லை; நிழல்கள் ஒன்றோடொன்று சேர்ந்து உருவாக்கும் பெரிய வடிவத்தைப் பிடித்தால் போதும். அடுத்து உச்சியின் விளிம்புக்கோட்டை மட்டும் தனியாக, பொறுமையாக எடுக்க வேண்டும், ஏனெனில் ராஜகிரியை ராஜகிரியாக அடையாளம் காட்டுவது அந்தக் கோடுதான். கோயிலும் மணிக்கூண்டும் அதில் சிறு முடிச்சுகளாக விழும்.

மூன்றாவது வேலைதான் இந்த முறையின் உயிர். வீட்டில் பயன்படுத்தப்போகும் அதே தாளிலிருந்து இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டிக்கொண்டு போய், அதில் கட்டம் கட்டமாக வண்ணக் கலவைகளைப் பூசிப் பார்த்து, எதிரே இருக்கும் பாறைக்கு நேராகத் தூக்கிப் பிடித்து ஒப்பிட வேண்டும். பொருந்தும் கட்டத்தின் கீழே பென்சிலால் எழுத வேண்டும்: "மகாலுக்குப் பின் இடுக்கு, மேற்பாதி: அல்ட்ராமரைன் இரண்டு பங்கு, பர்ன்ட் சியன்னா ஒரு பங்கு. கீழ்ப்பாதி: லைட் ரெட், துளி நீலம். காலை 9.40." வெயில்படும் பாறைக்கு யெல்லோ ஓக்கர் என்ற மண்மஞ்சளும் லைட் ரெட் என்ற மண்சிவப்பும் நிறையத் தண்ணீரில், காய்ந்த புல்லுக்கு ரா சியன்னா என்ற மஞ்சள்பழுப்பு, அடிவான வானத்துக்குச் செருலியன் நீலத்தோடு ஓக்கர் ஒரு துளி. நீர்வண்ணம் காய்ந்தால் வெளிறும் என்பதால் கட்டம் காய்ந்த பிறகே ஒப்பிட வேண்டும். வேகமாகக் காய வைக்கும் செஞ்சி வெயில் இந்த ஒரு வேலைக்கு நமக்கு உதவி செய்கிறது.

வீட்டுக்கு வந்தபின், ஒளிப்படத்தைக் கட்டட விவரத்துக்கு மட்டும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நிறத்துக்கு அந்தத் துண்டுத் தாளையும் அடர்த்திக்குப் பென்சில் குறிப்பையும் நம்பித் தீட்டலாம். 300 ஜிஎஸ்எம் தடிமனுள்ள பருத்தித் தாளைப் பலகையில் நனைத்து ஒட்டி, வானத்தையும் மலையின் முதல் வாஷையும் ஒரே ஈரத்தில் இறக்கலாம். களத்தில் செய்ய முடியாதிருந்த அந்த வழிந்த கறுப்புக் கோடுகளுக்கு இப்போது நேரம் இருக்கிறது.

இதிலும் மறைவான விலை உண்டு. குறிப்பு எடுத்த ஒரு வாரத்துக்குள் தீட்டாவிட்டால், எழுதிய சொற்கள் இருக்கும், அவற்றைச் சுற்றியிருந்த நினைவு போய்விடும். பிறகு குறிப்பும் ஒளிப்படத்தின் இடத்துக்கே இறங்கிவிடுகிறது. வீட்டு வசதியில் மெருகேற்றிக்கொண்டே போகும் ஆசையும் வரும். இன்னும் ஒரு வேலி, இன்னும் ஒரு பனைமரம், மதிலில் இன்னும் சில கற்கள் என்று சேர்த்துச் சேர்த்து, வறண்ட நிலத்தின் வெறுமையை நாமே நிரப்பிவிடுவோம். 1714-இல் ஆர்க்காட்டுப் படையோடு போரிட்டு மாண்ட தேசிங்கு ராஜனின் கதையைப் பாட்டில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, அடிவாரத்தில் ஒரு குதிரையையும் கொத்தளத்தில் ஒரு கொடியையும் வைக்கத் தோன்றும். வைக்காதீர்கள் என்பதே என் கருத்து. இன்று அங்கே இருக்கும் மதிலின் சிதைவும் பாறையின் அமைதியும் வரலாற்றைப் போதுமான அளவு சொல்கின்றன.

## நான்காவது வழி பற்றிச் சில வரிகள்

களத்தில் முதல் வாஷ்களை முடித்து, நிழலையும் விவரத்தையும் வீட்டில் போடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். கேட்க நன்றாக இருந்தாலும், இந்த மலையைப் பொறுத்தவரை இது தலைகீழான ஏற்பாடு. களத்தில் கடினமானது முதல் வாஷ். களத்தில் மட்டுமே கிடைப்பது நிழலின் நிறம். கடினமானதைக் கடினமான இடத்திலும், அங்கே மட்டும் கிடைப்பதை அது கிடைக்காத இடத்திலும் வைக்கிறது இந்த வழி. கிருஷ்ணகிரியின் மேலிருந்து தென்மேற்கே ராஜகிரியைத் தொலைவிலிருந்து பார்க்கும் காட்சிக்கு மட்டும் இது ஓரளவு பொருந்தும், ஏனெனில் அந்தத் தொலைவில் இடுக்குகளின் நிழல்கள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | களத்திலேயே முடித்தல் | ஒளிப்படம் | குறிப்பு + வீடு |
|---|---|---|---|
| மலையின் அளவும் கனமும் | மிக நன்று | அகலக்கோண லென்ஸால் சுருங்கும் | நன்று. விளிம்புக்கோடு கவனமாக எடுத்திருந்தால் |
| நிழலின் நிறம் | மிக நன்று | பெரும்பாலும் இழப்பு | நன்று. வண்ணக் கட்டங்கள் இருந்தால் மட்டும் |
| ஈரக் கட்டுப்பாடு | கோடையில் மிகக் கடினம் | முழுமையாகக் கிடைக்கும் | முழுமையாகக் கிடைக்கும் |
| கட்டடத் துல்லியம் | சுமார் | மிக நன்று | நன்று. துணைக்கு ஒளிப்படம் வேண்டும் |
| பொருத்தமான தாள் அளவு | கால் தாள் வரை | எதுவும் | அரைத் தாள், முழுத் தாள் |
| மறைவான செலவு | வீணாகும் பருத்தித் தாள், பல பயணங்கள் | உயிரற்ற நிழல், பிறர் பட உரிமை | நாள் தள்ளிப்போனால் குறிப்பு பயனற்றுப்போவது, மிகை மெருகு |

## யாருக்கு எது

நீர்வண்ணத்தில் ஓரளவு பழகி, இப்போது ஒரு பெரிய ராஜகிரி ஓவியம் செய்து சுவரில் மாட்ட வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு, தயக்கமில்லாமல் மூன்றாவது வழியைச் சொல்வேன். நிழலைக் களத்தில் தீர்மானித்து, ஈரத்தை வீட்டில் கையாளும் ஏற்பாடு இந்த மலைக்கும் இந்த நிலத்தின் வெயிலுக்கும் மற்ற வழிகளைவிடப் பொருந்துகிறது. கலைக் கல்லூரி மாணவர்களும், கை இன்னும் பழகும் நிலையில் இருப்பவர்களும் முதல் வழியை விட்டுவிடக் கூடாது. அவர்களுக்கு முடிந்த ஓவியத்தைவிடக் கண் பெறும் பயிற்சி முக்கியம். ஆனால் அவர்கள் விலையுயர்ந்த பருத்தித் தாளைத் தொடக்கத்திலேயே வாங்கிக் களத்தில் வீணடிக்க வேண்டாம். மரக்கூழ்த் தாளில் சிறு அளவில் பழகலாம். அதில் வாஷ் இன்னும் வேகமாகக் காயும், கோடு விழும் என்பதை அறிந்தே பழக வேண்டும். கல்யாண மகாலையோ பள்ளிவாசலையோ கட்டட ஆவணமாகத் தீட்டுவதுதான் நோக்கம் என்றால் ஒளிப்படமே சிறந்தது. அங்கே அகலக்கோணத்தால் தூண்கள் சாய்வதை மட்டும் தாளில் நிமிர்த்திக்கொள்ள வேண்டும்.

சென்னையிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ ஒரே ஒரு நாளுக்கு வருபவர்கள் உச்சி வரை ஏற வேண்டுமா என்றும் கேட்கிறார்கள். ஏறி இறங்குவதில் அன்றைய நல்ல ஒளி முழுவதும் போய்விடும். மேலே போனபின் ராஜகிரி உங்கள் காலடியில் இருக்கும், கண்ணெதிரில் இருக்காது. எனவே ஓவியத்துக்காக மட்டும் வருவதானால் ஏற வேண்டாம். வாயில் திறந்ததும் கீழ்க்கோட்டைக்குள் போய், முதல் அரைமணியில் மூன்று அடர்த்திப் பென்சில் குறிப்பு, அடுத்த அரைமணியில் வண்ணக் கட்டங்கள், பிறகு உச்சியின் விளிம்புக்கோடு, வெயில் ஏறி மலை தட்டையான பின் கட்டடங்களின் ஒளிப்படங்கள் என்ற வரிசையில் வேலை செய்யுங்கள். பிற்பகலில் நேரம் மிஞ்சினால் ஊர்ப்பக்கம் வந்து, கடலைக் கொல்லைகளுக்கும் பனைகளுக்கும் பின்னே ராஜகிரி நிழலுருவமாக நிற்பதை ஒரே வாஷில் எடுத்துப் பாருங்கள். அதற்கு அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் மட்டும் போதும், கால் தாளில் அங்கேயே முடித்துவிடலாம்.